பாக்கி ஆறு மணி நேரம்

டீச்சர் இருபத்தைந்து வருடமாகப் பூகோளம் நடத்துகிறார். பஞ்சாலை எங்கே அமையும், உருக்காலைக்கு ஏன் அவ்வளவு தண்ணீர் வேண்டும், எந்தத் துறைமுகத்தில் எது வந்து இறங்கும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஒரு தொழிற்சாலையின் வாசலைக்கூட மிதித்தது கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்து, கல்லூரியில் படித்து, திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தவர். நடுவில் ஒரு கோடை விடுமுறையில் சித்தப்பாவின் மருந்துக்கடையில் மூன்று நாள் நின்றிருக்கிறார். நான்காம் நாள் சித்தப்பாவே, "நீ வீட்ல இருந்து படிம்மா, அதுதான் எனக்குப் பெரிய உதவி" என்று அனுப்பிவைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் வேலைப் பயிற்சித் திட்டம் வந்து விழுந்தது.

மேலிடத்துச் சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பணியிடத்தில் நூற்றிருபது மணி நேரம் வேலை பழக வேண்டும். அங்கே பொறுப்பில் இருப்பவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் ஆண்டுத் தேர்வுக்கு அனுமதிச் சீட்டு. தலைமையாசிரியர் ஆசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கணக்கு ஆசிரியர் சட்டென்று விடைத்தாள் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அறிவியல் ஆசிரியைக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது. டீச்சர் மட்டும் வெள்ளந்தியாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"எங்கெங்க என்ன தொழில் நடக்குதுன்னு பாடம் எடுக்கறதே நீங்கதானே டீச்சர்! உங்களவிட்டா யாரு?"

ஒத்துக்கொண்ட பிறகு டீச்சர் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. குடையும் பையுமாக ஊர் முழுக்க நடந்தார். வண்டிப் பட்டறை, அச்சகம், ரொட்டி அடுமனை, மூக்குக் கண்ணாடிக் கடை, கால்நடை மருத்துவமனை என்று ஏறி இறங்கி, நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு இடம் பிடித்தார். அதற்கென்று ஒரு விதித்தாளும் தன் கைப்படவே எழுதி, எல்லா இடங்களிலும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு வந்தார்.

இடம் பிடித்ததைவிட, யாரை எங்கே போடுவது என்பதில்தான் டீச்சரின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. வருகைப் பட்டியலில் இருபத்தேழாம் எண் அவருடைய சொந்த மகள். கட்டட வரைபட அலுவலகம் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதன வசதி, வரவேற்பறையில் மீன் தொட்டி. அந்த அலுவலகம் தற்செயலாக இருபத்தேழாம் வரிசையில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தற்செயலை உண்டாக்க டீச்சருக்கு இரண்டு நாள் பிடித்தது.

பெற்றோர் கூட்டம் நடந்தது. ஓர் அம்மா எழுந்தார்.

"எம் பையனுக்குக் கிரீஸ் பட்டா ஒத்துக்காது டீச்சர். தும்முவான்."

"மாவும் ஒத்துக்காதுன்னு சொல்லிடுங்க, அடுமனையும் கழியும்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "எல்லா வேலையும் வேலைதான். நாளைக்கு லிஸ்ட் ஒட்டுவேன். ஒட்டினதுக்கப்புறம் ஒரு எழுத்துகூட மாறாது. என் பொண்ணும் அதே லிஸ்ட்லதான் இருக்கா" என்றார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. தும்முகிற பையனின் அம்மாகூடத் தட்டினார்.

அன்று சாயங்காலம் ஒன்பதாம் எண் பையன் குடும்பத்தோடு ஊர் மாறிப் போனான். பள்ளி எழுத்தர் பொறுப்பான மனிதர். கணினியில் அவன் பெயரை எடுத்துவிட்டு, நடுவில் ஓட்டை தெரியக்கூடாதென்று கீழே இருந்த பெயர்களை எல்லாம் ஒரு படி மேலே ஏற்றிவிட்டார். பணியிடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. காலையில் அவர் நீட்டிய தாளில் டீச்சர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தானே இரண்டு நாள் உட்கார்ந்து செய்ததை மறுபடி எதற்குப் படிப்பது?

மத்தியானம் மகள் வந்து, "அம்மா, எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடமாமே!" என்றபோதுதான் டீச்சர் அறிவிப்புப் பலகைக்கு ஓடினார். இருபத்தாறாம் வரிசை, சலவைக்கூடம். அதற்கு எதிரே மகள் பெயர். மீன் தொட்டிக்கு எதிரே, இதுவரை யாரும் கவனித்துப் பார்த்திராத ஒரு பையன்.

மாற்றலாம்தான். ஆனால் மாற்றினால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால், மகளுக்கு எதிரே அந்தக் கண்ணாடிக் கதவு எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும்.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அடுத்தவர் தாமதத்தைக் குறித்து வைப்பதே பிழைப்பு என்பதால், அடுத்தவர் தப்பு என்றால் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வரும்.

"எல்லா வேலையும் வேலைதான்னு ஊர் கேக்கச் சொன்னது யாரு?"

"நீங்க பேசாம சாப்பிடுங்க. அங்க என்ன சூடு, என்ன கிருமி இருக்குமோ!"

"பெட்ஷீட்தானம்மா. கொதிக்கக் கொதிக்கத் துவைச்சுத்தான் எங்க பக்கம் வருமாம். அழுக்குப் பக்கம் ஸ்டூடண்ட்ஸ விடவே மாட்டாங்களாம்" என்றாள் மகள். அதற்குள் 'எங்க பக்கம்' ஆகிவிட்டது டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

வாரத்துக்கு நான்கு பிற்பகல், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று பத்து வாரம். பதிவேட்டில் 'இன்று கற்றது' என்று மூன்று வரிக் கட்டம் இருந்தது. மீன் தொட்டிப் பையன் முதல் நாளே எழுதினான்: 'குழுவாக இணைந்து செயல்படுவதன் மேன்மையை உணர்ந்தேன்.' அன்று அவன் மீனுக்கு இரை போட்டான். மறுநாள் தொட்டியைக் கழுவிவிட்டு, 'திட்டமிடுதலே வெற்றியின் அடித்தளம் என அறிந்தேன்' என்று எழுதினான். அவனுடைய அலுவலகத்தில் நாற்பது நாளுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு முதல் வாரமே பதிவேட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

டீச்சரின் மகள் எழுதினாள்: 'நூற்று நாற்பது விரிப்பு. இஸ்திரி உருளை இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. புதிதாக ஒன்றும் கற்கவில்லை.'

"ஏதாவது எழுதி வையேன்டி, ஆபீசர் பாப்பாங்க."

"கத்துக்கலையே. என்ன எழுத?"

எட்டாவது வாரம் ஆய்வு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வேலைப் பயிற்சியின் பயன் பற்றி ஒரு மாணவி பேசினால் நன்றாயிருக்கும் என்று தலைமையாசிரியர் நினைத்தார். டீச்சர் மகளைத் தவிர வேறு யார்? பேச்சை டீச்சரே எழுதினார். ஒரு பிற்பகல் ஒத்திகைக்குப் போனது. மறு பிற்பகல், அதிகாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, நான்கு நிமிடப் பேச்சைக் கேட்டு, கண் கலங்கிப் போனார். 'உழைப்பை நேரில் கண்டவளாய் நிற்கிறேன்' என்று மகள் சொன்ன அந்த நிமிடத்தில், சலவைக்கூடத்தில் அவள் மடிக்க வேண்டிய விரிப்புகள் தள்ளுவண்டியில் குவிந்துகிடந்தன.

பத்தாம் வாரம் முடிந்து பதிவேடு கைக்கு வந்தது. மற்ற நாற்பதிலும் நூற்றிருபது. மகளுடையதில் நூற்றுப் பதினான்கு, கையெழுத்துக் கட்டம் காலி. திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஆறு மணி நேரம் குறைந்தால் அனுமதிச் சீட்டு கிடையாது. ஒரு வருடப் படிப்பு போயே போய்விடும்.

சனிக்கிழமை டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சலவைக்கூடத்துப் பொறுப்பாளரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை மருத்துவரும் அப்படித்தான். முழங்கை வரை சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு, கறை போகாத விரிப்புகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ரெண்டு நாளும் அவ ஸ்கூல் வேலையாத்தான்..."

"தெரியும் டீச்சர். வேலையோட அருமை பெருமையப் பத்திப் பேசப் போனா. நல்லாப் பேசினாளாமே?"

"அதுவும் பயிற்சியில ஒரு பகுதி மாதிரிதானே..."

"அவ பங்கையும் சேத்து நான் மடிச்சேன். எனக்கு யாரும் கைதட்டல."

"மத்த இடத்துல எல்லாம்..." என்று ஆரம்பித்த டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மத்த இடம் எனக்குத் தெரியாது. அதப் பாருங்க."

சுவரில், டீச்சர் கைப்பட எழுதிக்கொடுத்த விதித்தாள் ஒட்டியிருந்தது. நாற்பத்திரண்டு இடத்தில் அதை ஒட்டி வைத்த ஒரே இடம் இதுதான். நான்காவது விதிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு: 'செய்யாத மணி நேரத்துக்கு எக்காரணம் கொண்டும் கையெழுத்து இடக்கூடாது.' எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு என்ன செய்வது?

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு ஏது? காலைல எட்டு மணிக்கு அனுப்புங்க. ஆனா ஒண்ணு" என்றார் அக்கா. "அவளோட ஜோடி நெட்டையக்கா ஊருக்குப் போயிருக்கா. பெட்ஷீட் ஒத்தை ஆளா மடிக்க முடியாது. ஜோடிக்கு ஆள் நீங்கதான் பாத்துக்கணும்."

வீட்டுக்காரருக்கு ஞாயிறு டிப்போவில் வேலை. "ஆறு மணி நேரம் லேட்டுன்னா நாங்க வண்டியவே கேன்சல் பண்ணிடுவோம்" என்று மட்டும் உதவி செய்தார். தன் மகளுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட டீச்சருக்கு வாய் வரவில்லை.

"நான் வரேன்" என்றார்.

"நீயா?" என்றாள் மகள்.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

கை இருந்தது. எட்டேகாலுக்கெல்லாம் அது போதாது என்று தெரிந்துவிட்டது. உருளையிலிருந்து விரிப்பு சுடச்சுட வந்து விழும். இரண்டு பேரும் ஆளுக்கிரண்டு முனையைப் பிடித்து, பின்னால் நகர்ந்து, ஒரே நேரத்தில் ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும். அப்புறம் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். விரிப்பின் ஓரத்து நீலக்கோடு வெளியே தெரிய வேண்டும். டீச்சர் இழுத்தபோது மகள் இழுக்கவில்லை. மகள் இழுத்தபோது டீச்சர் கையிலிருந்து விரிப்பே பறந்து போனது.

"டீச்சர், ஓரம் சேரல. பிரிங்க" என்றார் அக்கா. மூன்றாவது முறை சொன்னபோது டீச்சருக்குக் காது சிவந்தது. இருபத்தைந்து வருடத்தில் யாரும் அவரிடம் 'திருப்பி எழுது' என்று சொன்னதில்லை.

"அம்மா, துணியப் பாக்காத. துணியப் பாத்தா நான் எப்ப இழுக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? என்னப் பாரு."

"பாத்துட்டுத்தானேடி இருக்கேன்!"

"எங்க பாக்கற? கண்ணெல்லாம் முனையிலதான் இருக்கு."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மேலுதட்டில் ஒரு மச்சம். இது எப்போதிலிருந்து இருக்கிறது? மகளின் தோள் லேசாக ஏறியது, அதுதான் சைகை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். விரிப்பு பட்டென்று ஒரு சத்தம் கொடுத்துத் தட்டையாக நின்றது.

"ம். பிரிக்க வேண்டாம்" என்றார் அக்கா.

பதினொரு மணிக்குத் தேநீர், பத்து நிமிடம். சரியாக இரண்டு மணிக்கு டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை நீட்டினார். அக்கா கடிகாரத்தைக் காட்டினார்.

"டீ குடிச்ச பத்து நிமிஷம்?"

இன்னும் நான்கு விரிப்பு மடித்தார்கள். அப்புறம் அக்கா உட்கார்ந்து நூற்றிருபது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, குறிப்புக் கட்டத்தில் நிதானமாக ஒரு வரி எழுதினார்: 'வேலை தெரியும். வாய் கொஞ்சம் நீளம்.'

"உங்களுக்கும் ஒண்ணு எழுதித் தரவா டீச்சர்?"

"என்னன்னு எழுதுவீங்க?"

"பத்து மணிக்கப்புறம் பரவாயில்லைன்னு."

திங்கட்கிழமை தலைமையாசிரியர் பதிவேடுகளைப் புரட்டினார். மீன் தொட்டிப் பையனுடையதைப் படித்ததும், ஆண்டு விழாவில் சிறந்த பயிற்சியாளர் விருது அவனுக்குத்தான் என்று அங்கேயே முடிவாயிற்று. மகளுடையதைத் திறந்தபோது முகம் கோணியது.

"என்ன டீச்சர் இது, வாய் நீளம்னு போட்டிருக்காங்க? மாத்தி வாங்கிடலாமே. நம்ம ஸ்கூல் பேரு..."

"அது சரியாத்தான் சார் இருக்கு" என்றார் டீச்சர்.

அனுமதிச் சீட்டு வந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது, வழக்கம்போல வீட்டுக்காரர் விரிப்பின் இரண்டு முனையை வேண்டாவெறுப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"துணியப் பாக்காதீங்க. என்னப் பாருங்க" என்றார் டீச்சர்.

இருபத்துமூன்று வருடம் குடித்தனம் நடத்தியவர். இப்படி ஒரு வார்த்தையை அவர் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. திடுக்கிட்டு நிமிர்ந்தவர் கையிலிருந்து முனை நழுவியது. உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தாள்:

"ஓரம் சேரலப்பா. பிரிங்க."