முதுகில் இருந்த மூசாம்பரக் கறை

நாற்று நட்டே தேய்ந்துபோன இடுப்பு என்னுடையது. வலி தாங்காமல் உத்திரமேரூரிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்ததும், கம்ப்யூட்டரே என் முதுகெலும்புகளைக் கோடு போட்டுப் பிரித்து நம்பரும் கொடுத்துவிட்டதாம். டாக்டர் அந்தப் படத்தைத்தான் பார்த்தார். என் முதுகைத் தொடவேயில்லை. சேலையை விலக்கிக் காட்டக் கூச்சப்பட்டு நானும், "இடுப்புல வலிக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று, கெட்டுப்போன எலும்பின் நம்பரை வைத்து முதுகில் பேனாவால் குறி போட்டார்கள். துடைக்க வந்த நர்ஸ் கேட்டாள்.

"இன்னா ஆயா, கறுப்பா கீது?"

"வலிக்கு மருமக மூசாம்பரம் அரைச்சி பத்து போட்டாம்மா. குளிச்சும் கறை போவல."

"எங்க வலிக்குதோ அங்கியா போட்டாங்க?"

"வேற எங்க போடுவாங்க?"

"குறி மூணு விரல் கீழ இல்ல கீது!"

அவள் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தாள். அப்போதுதான் அவர் எண்ணிப் பார்த்தார். எல்லோருக்கும் இடுப்பில் ஐந்து எலும்பு, எனக்கு ஆறு. கம்ப்யூட்டர் மேலிருந்து எண்ணியிருந்தது, இவர்கள் ஐந்துதான் என்று கீழிருந்து எண்ணி, ஒரு எலும்பு தள்ளிக் கீழே குறி போட்டுவிட்டார்கள்.

"ரேர் கேஸ்மா" என்று சிரித்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"கெழவி முதுகுதானேன்னு தொட்டுக்கூட பாக்கலியே நைனா! நல்லா கீற எடத்த வெட்டிட்டு, இதையேதான் சொல்லிக்கினு இருந்திருப்பியா?"

அவர் கறை இருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். சரியான இடத்தில்தான் பிறகு ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் எந்த டாக்டராக இருந்தாலும், கையைப் பிடித்து வலிக்கிற இடத்தில் வைத்த பிறகுதான் படத்தைக் கொடுக்கிறேன்.