கட்டிலுக்கடியில் ஒரு டர்போ

கிங்ஸ் சர்க்கிளில் காப்பிப்பொடி அரைத்து வாங்க நின்றிருந்தபோது தாராவியிலிருந்து காசிம் பாய் போன் செய்தார். அவர் கூப்பிட்டால் ஒரே விஷயம்தான் என்பதால் எடுத்தவுடனே, "என்ன பாய், சாமான் கிடைச்சிருச்சா?" என்று கேட்டேன். "கிடைச்சிருச்சு. அதைச் சொல்லத்தான் முத்துக்குப் போன் போட்டேன். வீட்டம்மா எடுத்தாங்க. முத்து தவறிட்டாராம்யா" என்றார். காலையில் ட்யூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் அலைந்து தேடின சாமான் கைக்கு வருகிற அன்றைக்கா ஒரு மனுஷன் போவான்?

சுடலைமுத்துவை உங்களில் பலருக்கு டிராம்பே ஆலையின் பம்ப் பிரிவு ஃபிட்டராகத் தெரியும். செம்பூர்க்காரர்களுக்குப் பொங்கல் விளையாட்டில் கயிறு இழுப்பவராகத் தெரியும். நான் அதே பிரிவில் அவரோடு வேலை பார்த்தவன். ஒரே பஸ்ஸில் போய் வந்தவன். வயதும் ஒன்றுதான். அதனால் இனிமேல் 'அவர்' போடப் போவதில்லை. போட்டால், "என்னல, பெரிய மனுசனாயிட்டியோ?" என்று கேட்பான்.

அவன் மனைவி பேச்சியம்மாளுக்கு நெடுநாளாக மூச்சுமுட்டல். எங்கள் பக்கத்து ஆலைப் புகைக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டல் அதிகமாகும்போதெல்லாம் தன் பழைய டீசல் காரில் அவளை ஏற்றிக்கொண்டு கசாரா மலைக்கு மேலே இகத்புரி பக்கம் போவான். அங்கே போய் இறங்கினால் அவள் முகம் தெளிந்துவிடும். ஒருமுறை நானும் போயிருந்தேன். ஏற்றத்தில் வண்டி செகண்ட் கியரைத் தாண்டவே இல்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே முந்தினார்கள். என்ஜினுக்குச் சுமை குறையட்டும் என்று முத்து ஏசியை அணைத்தான். பின்சீட்டில் பேச்சியம்மாள் (எனக்குத் தங்கச்சி முறை, அப்படித்தான் கூப்பிடுவேன்) மூச்சு மருந்துப் பம்பை உறிஞ்சுவதும், தன் சித்தி கல்யாணத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்த கதையைத் தொடர்வதுமாக வந்தாள். அவன் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தான். மேலே போய் நிறுத்தியதும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "அவளுக்கும் மூச்சு இல்ல, அவளத் தூக்கிட்டு வர்ற வண்டிக்கும் மூச்சு இல்ல. வண்டியவாவது நான் சரி பண்ணுவம்ல."

அப்படித்தான் டர்போ பைத்தியம் பிடித்தது. டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணித்து ஊட்டுகிற சாமான். அவன் காரில் இருந்தது சின்னது, தேய்ந்தது. அதை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்ட வேண்டும். மாட்டுவதென்றால் சும்மாவா? அதற்கேற்ற புகைக்குழாய், காற்றை ஆற்றுகிற கூலர், ரப்பர் ஹோஸ்கள், எண்ணெய் போகிற பைப், திரும்புகிற பைப் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கொடுடா என்றேன். "வேற எவனாவது மாட்டினா எனக்கு ராத்திரி தூக்கம் வராதுல" என்றான்.

ட்யூட்டி முடிந்ததும் நேரே தாராவி. அடிபட்ட வண்டிகளில் கழற்றிய சாமான்களை வைத்திருக்கும் காசிம் பாய் கடையில் குந்துவான். ஒவ்வொரு டர்போவுக்குள்ளும் சுழலுகிற தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பான். மயிரிழை ஆட்டம் கூடுதலாகத் தெரிந்தாலும் கீழே வைத்துவிடுவான். "பொண்ணு பார்க்க வந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்யா" என்பார் பாய். "பொண்ணுக்குக் குறை இருந்தா அவ சொல்லிருவா பாய், இது சொல்லாதுல்லா?" என்பான் இவன்.

கிடைத்தவையெல்லாம் அவனுடைய ஒற்றை அறை வீட்டில், மும்பைப் பாஷையில் கோலியில், கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தன. ஒன்றில் மட்டும் அவன் கறார். எந்தச் சாமானாக இருந்தாலும் அதிலுள்ள ஒவ்வொரு துளையையும் துணி சுருட்டி அடைத்த பிறகுதான் வீட்டுக்குள் எடுத்து வருவான். "எண்ணெய் போற வழியில ஒரு மணல் போதும்ல, மொத்தமும் சோலி முடிஞ்சிரும்." தங்கச்சி கேலி செய்வாள்: "பச்சப்புள்ளைக்குக் கோமணம் கட்டுத மாதிரி கட்டுதாக."

கடைசியில் டர்போவும் வந்தது. மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. ஆலையில் பூஜை முடிந்து, பொரியும் கையுமாக நானும் அவனும் மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனோம். சாமி படத்துக்கு முன்னால் பலகையில் கட்டிலுக்கடிச் சாமான் அத்தனையும் வரிசையாக இருந்தது. நம் வீடுகளில் அரிவாள்மணை, தையல் மெஷின், சைக்கிள் எதையும் கழுவாமல், பட்டை போடாமல் விடுவார்களா? எண்ணெய்ப் பிசுக்குத் துணி சாமிக்கு ஆகாது என்று தங்கச்சி துளைகளில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கித் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். டர்போவை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, மேலே மூன்று பட்டை விபூதி, சந்தனம், குங்குமம். எண்ணெய்த் துளையின் வாயைச் சுற்றியும் அழகாகப் பூசியிருந்தாள், உள்ளேயும் போயிருந்தது. "சுத்திப் பாத்தேன், என்னமாச் சுத்துது!" என்று சக்கரத்தை இன்னொருமுறை விரலால் சுற்றிவிட்டாள்.

செத்தோம் என்று நினைத்தேன். ஒரு போல்ட் தரையில் உருண்டாலே கத்துகிறவன் முத்து. அவனோ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். கற்பூரம் காட்டச் சொன்னான், கும்பிட்டான், சுண்டலையும் தின்றான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அவகிட்ட மூச்சு விடாத, என்னா? ஆசையாச் செஞ்சிருக்கா."

மறுநாள் காசிம் பாய் அதைப் பிரித்துக் கழுவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, தாராளமாக மாட்டலாம் என்றார். இவன் கேட்டால்தானே! "அவ உக்காந்து வர்ற வண்டி பாய். சந்தேகத்தோட மாட்ட மாட்டேன்." மறுபடியும் முதலிலிருந்து தேடல். மழைக்காலம் வந்து போனது. கசாரா பக்கமும் போகவில்லை. வண்டி தயாரான பிறகு போவோம் என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டான். அவன் மாடிப்படியில் நின்று நின்று ஏறுவதைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போடா என்று நானே சொன்னேன். அதற்கும் அதே பதில்: வண்டி முடியட்டும்.

பாய் போன் செய்த அன்றைக்கு, நான் போனபோது வீட்டில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு வைத்து அடைத்திருந்தது. எனக்கு அந்தத் துணிகள்தான் ஞாபகம் வந்தன. காசிம் பாய் வாசலிலேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கச்சி என்னை வரச்சொன்னாள். கட்டிலுக்கடியில் இருந்ததையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளையிலும் புதிதாகத் துணி அடைத்திருந்தது. நீலத் துணி. அவன் ட்யூட்டிச் சட்டையைக் கிழித்து அடைத்திருக்கிறாள்.

"நல்லா இறுக்கித்தான் அடைச்சிருக்கேன் அண்ணே. தூசி போவாது."

"உனக்கு யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? அன்னைக்குக் கற்பூரம் காட்டும்போதே அவுக மூஞ்சியப் பாத்தேன். மறுநா டர்போவக் காணல. ஏசுவாக, ஏசுவாகன்னு பாத்தேன். ஏசவே இல்ல. அதுக்குப் பொறவு சாயங்காலம் பூரா தாராவியிலதான் கெடந்தாக." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பம்பை எடுத்து உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "வண்டி வேகமா ஏறணும்னு நான் எப்பண்ணே கேட்டேன்? அது மெள்ள ஏறுனாத்தான அவுக நான் பேசுததக் கேட்டுக்கிட்டு வருவாக?"

சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அது என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அவன் போன அன்று வந்த டர்போவைக் காசிம் பாய் வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் என்னிடம் தந்துவிட்டார். அதுவும் அங்கேதான் இருக்கிறது. ஒன்றிலும் நான் கைவைக்கவில்லை. அடுத்த வாரம் தங்கச்சியை உன் பழைய காரிலேயே, செகண்ட் கியரிலேயே கசாராவுக்குக் கூட்டிப்போகிறேன் முத்து. பின்சீட்டிலிருந்து அவள் சொல்லும் கதைக்கு நான் 'உம்' கொட்டிவிடுவேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீதானடா.