வலி ஏறாத வயது

நாற்பது வருடத்துக்கு முன்னால், என் மகன் பிறந்த பதினெட்டாம் நாள், அவன் வயிற்றில் என் மாமியார் சூடு வைத்தார். இரண்டு நாளாகப் பால் குடிக்காமல் வீறிட்டுக்கொண்டிருந்தான். மாந்தம் என்றார். கடத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு அதுதான் வைத்தியம். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு, தொப்புளைச் சுற்றி நான்கு இடத்தில் வைப்பார்கள்.

“வேணாங்க அத்தை” என்றேன்.

“பச்சப் புள்ளைக்கு ஒடம்பு இன்னும் இறுகல, வலி ஏறாது. உன் புருசனுக்கும் நாந்தான் வெச்சேன். செத்தா போயிட்டான்? பெங்களூர்ல கல்லு செமக்கறான்.”

வாயை மூடிக்கொண்டேன். இருபது வயதுக்குள் அதில் மட்டும் நன்றாகத் தேறியிருந்தேன்.

நான்கில் ஒன்று சீழ் பிடித்தது. வயிறு வீங்கி, தொட்டால் கொதித்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். துணியை விலக்கிப் பார்த்த நர்ஸ் என்மேல் பாய்ந்தார்.

“நீயெல்லாம் ஒரு தாயா? இந்தப் பிஞ்சுக்கு எப்படி வலிச்சிருக்கும்?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவனுக்கு வலித்திருக்கும் என்று ஒருவராவது சொன்னாரே என்று எனக்கு அழுகை வந்தது.

உடனே கீறிச் சீழை எடுக்காவிட்டால் பிள்ளை தங்காது என்றார் டாக்டர். தட்டில் கத்தியும் பஞ்சும்தான் இருந்தன.

“மரத்துப்போற ஊசி போடுவீங்களா சார்?”

“இத்தனூண்டு கொழந்தைக்கு அதெல்லாம் ஆகாதும்மா, மூச்சு நின்னுடும். இந்த வயசுல வலி தெரியாது. கத்தும், அவ்வளவுதான்.”

அத்தை சொன்னதையேதான் படித்தவரும் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. நர்ஸிடம் திரும்பினேன். “சூடு வெச்சப்ப வலிச்சிருக்கும்னு இப்பத்தானுங்க சொன்னீங்க? கத்தி வெச்சா மட்டும் எப்படிங்க வலிக்காது?”

அவர் டாக்டரைப் பார்த்தார். “ரெண்டு காலையும் இறுக்கிப் புடிம்மா” என்றார்.

டாக்டர் காலில் விழுந்தேன். ஏதாவது ஒரு சொட்டு மருந்து, எதுவானாலும் சரி என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. “நேரம் போவுதும்மா, எழுந்திரு” என்றுதான் சொன்னார். எழுந்து பிடித்தேன். இரண்டு கணுக்கால்களும் என் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. கத்தி பட்டதும் அலறினான். பாதியில் குரல் நின்றுபோய், வாய் மட்டும் திறந்திருந்தது.

“பாரு, அடங்கிட்டான்” என்றார் டாக்டர்.

பிழைத்துக்கொண்டான். பத்து நாளில் புண்ணும் ஆறியது. ஆனால் குளிப்பாட்ட நான் காலைத் தொட்டால் போதும், வெடுக்கென்று இழுத்துக்கொண்டு முகம் கறுக்கும்வரை அழுவான். பக்கத்து வீட்டுக்காரி தொட்டால் அழமாட்டான். சூடு வைத்த அத்தையின் கைக்குக்கூட அழவில்லை. கடைசியில் அத்தைதான் அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். நான் வெந்நீர் விளாவிக் கொடுத்துவிட்டு, அவன் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.