உருகாத நூல்

தையல்காரி செங்கல்லில் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜீன்ஸ் ஒரு துண்டு, கான்வாஸ் ஒரு துண்டு, பாலியஸ்டர் கலந்தது ஒரு துண்டு. ஜீன்ஸில் பஞ்சு கிளம்பியது. கான்வாஸ் கொஞ்சம் வெளுத்தது. பாலியஸ்டர் கலந்ததோ அசைந்து கொடுக்கவில்லை.

அந்தப் பாலியஸ்டர் மகராசனைப் போட்டுக்கொண்டுதான் அவள் கணவன் வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தான். பொறி பட்டதும் துணி உருகித் தொடையில் அப்பிக்கொண்டது. பிய்த்தபோது தோலும் கூடவே வந்தது. இப்போது புண் ஆறிவிட்டது. நாளைக்கு மறுபடி வேலை. புதுத் தோல் இன்னொரு சூட்டைத் தாங்காது.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, துணியைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

"உங்கண்ணன் தொடையைக் கேளு, சொல்லும்."

அடுத்து இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினாள். பாலியஸ்டர் சுருண்டு சொட்டியது. ஜீன்ஸின் பஞ்சு குப்பென்று பிடித்தது. கான்வாஸ் மெல்லக் கருகி உதிர்ந்தது, எதிலும் ஒட்டவில்லை. முடிவாயிற்று. பொறி விழுந்து தங்காதபடி பைகளுக்கு மூடி வைத்து, மத்தியானத்துக்குள் கான்வாஸ் கால்சட்டையைத் தைத்து முடித்தாள்.

சும்மா இருக்க மனம் வராமல், தையலோடு வெட்டி மிஞ்சிய ஒட்டுத் துண்டையும் தீயில் காட்டினாள். துணி கருத்தது, அவ்வளவுதான். தையல் மட்டும் வாயைப் பிளந்தது. இத்தனை காலமும் இரும்பு மாதிரி என்று அவள் மெச்சிய நூல் பாலியஸ்டர். துணியைச் சோதித்தவள் நூலை மறந்துவிட்டாள்.

பிரிந்தால் பிறகு தைத்துக்கொள்ளலாம், விடு என்றான் கணவன்.

"துணியைத் தைச்சுக்கலாம். உங்களை எங்க கொண்டுபோய்த் தைக்கிறது?"

மெத்தை தைப்பவரிடம் தடித்த பருத்தி நூல் வாங்கி வந்தாள். நாத்தனார் அலுத்துக்கொண்டே எல்லாத் தையலையும் பிரித்துக் கொடுத்தாள். பருத்தி நூல் மிஷினில் அறுந்துகொண்டே இருந்தது. பெரிய ஊசி மாட்டி, இறுக்கத்தைத் தளர்த்தி, கையால் சக்கரத்தை உருட்டி, இருட்டுவதற்குள் முடித்தாள். மிஞ்சிய துண்டு ஒன்றைத் தைத்துத் தீயில் காட்டினாள். தையல் கருத்தது, பிரியவில்லை.

மறுநாள் காலை அவன் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். குந்தச் சொன்னாள், குந்தினான். தையல் தாங்கியது. படுக்கையில் இளைத்ததால் இடுப்பு இறங்கியிருந்தது. கீழே மிஞ்சிய நீளத்தை வெளிப்பக்கமாக மடித்து விட்டிருந்தான்.

"பொறி வந்து உட்கார நாற்காலி போட்டிருக்கீங்களா?"

நேரமாகிறது என்றான். அவள் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மடிப்பைப் பிரித்து, மிச்சத்தை வெட்டி, விளிம்பை உட்பக்கமாக இரண்டு காலுக்கும் கையாலேயே தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபின்தான் வழியை விட்டாள்.