கயானாக்காரிக்குக் கட்டிய காப்பு

கோத்தகிரியை விட்டு நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரமாகியிருந்தது. அரவேணுவைக் கடந்துவிட்டேன். ஒரு பங்களாவுக்கு வெள்ளையடிக்கும் வேலை முடிந்துபோனது. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். மொத்தம் முப்பத்து மூன்று கிலோமீட்டர். செருப்பின் வார் அறுந்துவிட்டதால் சணலால் கட்டியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏனுங்க, உங்களுக்கு இங்கிலீஷ் வருங்களா?" என்றார் ஓட்டுநர்.

ஊட்டி விடுதிகளில் பாத்திரம் கழுவிய காலத்தில் காதில் விழுந்தது கொஞ்சம் உண்டு என்றேன்.

"அது போதுமுங்க. ஏறுங்க."

பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பக்கத்தில் பெரிய பெட்டி. முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினேன். சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பெயர் ரோசலின் வீராசாமி, ஊர் கயானா. தென்னமெரிக்காவின் வடகரையில் இருந்தாலும் கரீபியத் தீவுக்காரர்களோடு சேர்த்தே தங்களைச் சொல்லிக்கொள்வார்களாம். ஐந்து தலைமுறைக்கு முன்னால் சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழி வந்தவர். வீட்டில் தமிழ் தாத்தா காலத்தோடு போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை. அப்பா அங்கே ஒரு மாரியம்மன் கோயில் பூசாரி. கரகம், வேப்பிலை, தீயில் காய்ச்சி அடிக்கும் தப்பு எல்லாம் உண்டு. ஆனால் அங்குள்ள மற்ற இந்துக்களில் சிலர், இதெல்லாம் கரும்புக் காட்டில் கூலிகள் கட்டிய கதை என்று இளக்காரமாகப் பேசுவார்களாம். அப்பாவுக்கு இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. பார்வை முழுதும் போவதற்குள், கரகம் புறப்பட்ட நாட்டில் மகள் ஒரு முறை அதை எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஏற்கெனவே இரண்டு ஊர்களில் கேட்டு, இரண்டிலும் முடியாது என்றுவிட்டார்கள். மூன்றாவதாக ஓட்டுநருக்குத் தெரிந்த ஒரு தோட்டம். இன்று அங்கே காப்புக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை கரகம். இதுவும் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஒரு ஓடைப் பாலத்தைத் தாண்டினால் தேயிலைச் சரிவில் லயம், அதாவது வரிசை வீடுகள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். கோயில் தலைவர் செல்லையா மஞ்சள் கிழங்குகளை நூலில் முடிந்துகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"படம் புடிக்க வந்தவங்களுக்கெல்லாம் காப்புக் கட்ட ஏலாது தம்பி. போன வருசம் நம்ம சொந்தக்காரப் பயலே காப்போட கோயம்புத்தூருக்கு சினிமா பாக்கப் போயிட்டான்."

அதை மொழிபெயர்த்ததும் ரோசலினின் முகம் மாறியது. கோபம் என்றுதான் நினைத்தேன். காப்போடு ஊரைத் தாண்டினானா என்ற அதிர்ச்சி. காப்பு அவிழும் வரை இந்த ஓடையைத் தாண்டமாட்டேன் என்றார். அவருடைய அப்பா காப்போடு இருந்த சமயத்தில் பக்கத்து ஊரில் சொந்த அண்ணன் செத்துப்போனாராம். அப்பா ஊர் எல்லைக் கால்வாயின் இந்தக் கரையில் நின்றபடியே அண்ணனின் சவ ஊர்வலத்தைப் பார்த்தார். பெரியம்மா இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. குன்னூர் விடுதி அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டேன் என்று ஜீப்பிலிருந்த பெட்டியைக் காட்டினார்.

செல்லையா நூலைக் கீழே வைத்தார். பெட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"நாங்க இங்க வந்து எறங்கின நாள்ல இருந்து எங்களையும் சிலோன் சாமி கும்புடுறவனுகன்னுதான் சொல்றாங்க," என்றார். "குளிச்சிட்டு வரச் சொல்லுங்க."

பிறகு இன்னொன்று சொன்னார். கரகத்துக்கு முன்னால் வேப்பிலை பிடித்து நடக்க ரோசலின் பக்கத்து ஆண் ஒருவர் வேண்டும், அந்த ஆளுக்கும் காப்பு. நான் ஓட்டுநரைப் பார்த்தேன். அவர் ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே குளித்துவிட்டு வந்து கையை நீட்டினேன்.

எனக்கு வலது கையில், ரோசலினுக்கு இடது கையில் கட்டினார்கள். மணி ஆறு. கயானாவில் அப்போது காலை எட்டரை. ரோசலினின் கைப்பேசித் திரையில் அவருடைய அப்பாவின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. கோயில் பெரிதா, கூட்டம் உண்டா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. எந்தக் கையில் கட்டினார்கள் என்று கேட்டார். இடது என்றார் மகள். அங்கேயும் பெண்களுக்கு இடதுதானாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, கதை கட்டினோம் என்று சொன்னவர்களையும் இங்கே உட்காரவைக்கிறேன் என்றார் அப்பா.

நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுகிறேன் என்றேன். ரோசலின் என் மணிக்கட்டைக் காட்டினார்.

"உங்களுக்கும்தான், பிரதர்."

ஓடையைத் தாண்டக் கூடாது என்பது கரகம் எடுப்பவருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரிலும் காப்புக் கட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டு வந்தவன் நான், விதி எதுவும் தெரியாது. திங்கட்கிழமைதான் அவிழ்ப்பார்களாம்.

"அதனாலதானுங்க நான் டயரைப் பாத்துட்டு நின்னேன்," என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

அன்று இரவு கோயிலை ஒட்டிய கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். குளிர் அதிகம்தான். ரோசலினுக்குச் செல்லையாவின் மகள் வீட்டில் இடம் கிடைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் போய்க் கேட்டேன். மூட்டைகளை லாரியில் ஏற்றி, கூடவே தொழிற்சாலைக்குப் போய் இறக்கவும் வேண்டும் என்றார்கள். கையைக் காட்டினேன். ஏற்றுவது மட்டும் என் வேலை, பாலத்துக்கு முன்னால் இறங்கிக்கொள்ளலாம், கூலி பாதி என்று பேசி முடிந்தது. முதல் மூட்டையைத் தூக்கினேன்.