ஓடிப்போனதாகச் சொன்னார்கள்

"எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒரு இடத்துல நிலைக்க மாட்டாங்க" என்பார் என் மாமியார். அவர் சொல்வது பிரெஞ்சில். என் காதில் விழுவது மெட்ராஸ் தமிழில். அவருடைய அம்மாவைப் பெற்றவள், பச்சைக் குழந்தையை நாத்தனாரிடம் போட்டுவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் எவனோடோ ஓடிப்போனாளாம். நாத்தனார் சொன்ன கதை அது. அதைக் கேட்டு வளர்ந்த குழந்தை, அதாவது மாமியாரின் அம்மா, சாகும்வரை தாயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சொல்லிவிட்டு மாமியார் என்னை ஒரு பார்வை பார்ப்பார். மெட்ராஸிலிருந்து இந்தப் பிரெஞ்சு பேசும் பனி ஊருக்குப் படிக்க வந்து அவர் மகனைக் கட்டிக்கொண்டவள் நான். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் ஒரு நாள் அவர் கண் கலங்கியதையும் பார்த்துவிட்டேன். அந்தப் பாட்டி ஓடினாளா இல்லையா என்று கண்டுபிடித்தே தீருவது என்று அன்றே முடிவு செய்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. சனிக்கிழமைகளில் எங்கள் சின்ன ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து பஸ் பிடித்து நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய், பழைய மக்கள்தொகைக் கணக்கை மைக்ரோஃபிலிமில் ஓட்டுவேன். அந்தக் கணக்கில் குழந்தை அத்தை வீட்டில், அதாவது அந்த நாத்தனார் வீட்டில், இருந்தது. தாய் எங்கேயும் இல்லை. பிறகு பங்குக் கோயில் பதிவேடுகள்; ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் ஒரே புத்தகத்தில் தேதி வரிசையில். குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. சாமியார்களின் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்ததால், அடக்கங்களுக்கு ஒவ்வொரு வருடத்தின் கடைசியிலும் இருக்கும் பெயர் அட்டவணையை மட்டும் பார்த்தேன். புருஷன் வீட்டுப் பெயரில் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. குளிர்காலம் முழுக்கத் தேடி, ஓடித்தான் போயிருக்கிறாள் பாவி என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

பனி உருகியதும் மாமியார் தன் அம்மாவின் கல்லறைக்கு என்னைக் கூட்டிப்போனார். கல்லில் பெரிதாக இருந்தது அந்த அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். இன்னாருடைய மனைவி என்பது கீழே சின்னதாக.

"கல்யாணத்துக்கு அப்புறமுமா அப்பா பேரு?" என்றேன்.

"பின்னே? கட்டிக்கிட்டா அப்பன் மாறிடுவானா? கோயில் புஸ்தகத்துல கடைசி வரைக்கும் அதுதான்."

தலையில் அடித்துக்கொண்டேன். தாலி ஏறியதும் இனிஷியலை மாற்றிக்கொள்ளும் ஊர்க்காரி, கோயில் புத்தகத்திலும் அப்படியே தேடியிருக்கிறேன். குழந்தையின் ஞானஸ்நானப் பதிவிலேயே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருந்தது. நான்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை, உட்கார்ந்த சூட்டிலேயே கிடைத்துவிட்டாள். ஞானஸ்நானப் பதிவுக்கு இரண்டு தாள் தள்ளி, தகப்பன் வீட்டுப் பெயரில். குழந்தை பிறந்த அதே வாரம் புதைத்திருக்கிறார்கள். அந்த நாத்தனாரை வாய்க்கு வந்தபடி தமிழில் திட்டினேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமியாரிடம் சொன்னதும் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, கல்லறைக்கு மறுபடி கூட்டிப்போகச் சொன்னார். அங்கே ஈர மண்ணில் மண்டியிட்டு, கல்லில் கை வைத்து, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்:

"அம்மா, உங்கம்மா உன்னை விட்டுட்டு ஓடலை. செத்துத்தான் போனா."