கொசுவுக்கு உருவம் கிடையாது

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போகவில்லை. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு தபசு பார்க்காமல் இருப்பது சாதாரணக் காரியமா? ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால் வடக்கே ஏதோ ஓர் ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்திருந்தது. டிவியைப் போட்டால் அதே புகை, அதே சிதறிய செருப்புகள்.

"கூட்டத்துக்குள்ள எவன் என்னத்த வச்சிருக்கானோ, யாரு கண்டா? ஒருத்தரும் வாசலத் தாண்டக் கூடாது" என்றார் அப்பா. தறியை நிறுத்திவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எங்களைக் காவல் காத்தார்.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. வருடந்தோறும் தகட்டில் செய்த பாம்பு உருவமும் தேள் உருவமும் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவாள். போட்டால் விஷப்பூச்சி வீட்டை அண்டாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இந்த வருடம் விட்டுப்போயிற்றே என்று புலம்பினாள். அன்றைக்கே அவளுக்கு மேலெல்லாம் சுட்டது. காய்ச்சல்தானே என்று கசாயம் குடித்தாள். மறுநாள் சாயங்காலம் குண்டுவெடிப்பில் செத்தவர்களுக்காகத் தெருவே மெழுகுவத்தி ஏற்றியது. அம்மாவும் கேட்டுக்கு உள்ளே நின்று ஒன்றை ஏற்றினாள். டிவியில் பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற, பேர்கூடத் தெரியாத ஒருத்திக்காக அழுதாள்.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அம்மா போய்விட்டாள். டெங்கு என்றார்கள். அந்த மாதம் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேரை அதே காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஒரு மெழுகுவத்தி ஏற்ற ஆளில்லை. விதி என்று சொல்லிவிட்டு அவரவர் தறிக்குப் போனார்கள். எனக்கு அந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

மறு வருடம் தபசுக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். உருவம் விற்கும் அண்ணாச்சியிடம் பாம்பும் தேளும் வாங்கினார். நான் கொசு உருவம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அண்ணாச்சி சிரித்தார். "கொசுவுக்கெல்லாம் யாரு பயந்து நேந்துக்கிடுதா மக்கா?"

அப்பா சிரிக்கவில்லை. வாங்கிய உருவங்களைத் தட்டிலேயே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்கு இழுத்துவந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் டிரம்முக்கு முன்னால் நின்றார். வாரம் ஒருமுறை வரும் தண்ணீரை அதில்தான் பிடித்துவைப்போம். போன வருடம், பூட்டிய கேட்டுக்கு உள்ளே, அது மூடியில்லாமல் இருந்தது. இப்போது வாயில் துணி கட்டியிருந்தது. அதன்மேல் ஓங்கி ஓங்கி அறைந்தார்.

"இனிமே கேக்க மாட்டேம்ப்பா" என்று நான் அழுதேன். என்மேல்தான் கோபம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.